அண்ணன் வைத்த வேவு

வேலை கிடைத்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த ஃபோன் வந்தது. பேசியவர் புதுச்சேரியில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துபவர். பிழை திருத்தவும் பக்கம் அமைக்கவும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. நான் திருத்தி அனுப்பிய மாதிரிப் பக்கங்கள் அவருக்குப் பிடித்துப்போய், அடுத்த மாதம் வந்து சேருங்கள் என்று எழுதியிருந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வேலைக்கு நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்.”

“ஏன் சார்? போன வாரம்தானே வரச் சொன்னீங்க?”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார். “உங்க அண்ணன் பேசினாரு. வீட்ல சம்மதம் இல்லன்னாரு. என் தங்கச்சிக்கு எதுக்கு மெயில் போடற, எத்தினி நாளா பழக்கம்னு கேட்டாரு. நாங்க ரெண்டு மூணு பேரு வேலை செய்யற எடம் மேடம். எங்களுக்கு வம்பு வேணாம்.”

ஃபோனை வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டன. அந்த வேலையைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆர்டர் கையில் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த மனிதரின் பெயரும் எண்ணும் என் மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. அப்படியிருக்க அண்ணனுக்கு எப்படிப் போயிற்று?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் சரிப்பட்டு வராமல், சட்டப்படி பிரிந்து, செஞ்சியில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. முன்பு நைனா பார்த்தார், இப்போது அண்ணன் பார்க்கிறான். வீடு கடைக்குப் பின்தெருவில். மாடி அறையை எனக்கு ஒதுக்கினார்கள். அங்கே உட்கார்ந்து, பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வேன், ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுப்பேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். ஆனால் பகலெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது திரையைத்தான். என் சம்பாத்தியம், என் சிநேகிதம், தூக்கம் வராதபோது என்னோடு நானே பேசிக்கொண்டது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். அப்போதுதான் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. பெண்கள் விடுதிகளை இணையத்தில் தேடிய மறுநாள், சாப்பாட்டில் நைனா சம்பந்தமே இல்லாமல், “ஆஸ்டல் சோறெல்லாம் வவுத்துக்கு ஒத்துக்காதும்மா” என்றார். மாதவிடாய்க் கோளாறுக்கு ஒரு மருத்துவரிடம் எழுதிக் கேட்டிருந்தேன். அந்த வாரமே அண்ணி, “கெர்ப்பப்பையில இன்னா பிரச்சினைன்னாலும் என்கிட்ட சொல்லலாம்ல” என்று கேட்டாள். இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று அன்று நெகிழ்ந்துபோனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

ஆனாலும் முதலில் அண்ணன் மேல் என் சந்தேகம் போகவில்லை. வைரஸ் ஏதோ புகுந்து என் மின்னஞ்சல்களைக் கண்டவர்களுக்கும் அனுப்புகிறது, அதில் ஒன்று அவனுக்கும் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. பிடிஎஃப் கோப்புகளைப் பிரிக்க இலவச மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இறக்கியிருந்தேன். நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனால், நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் அவர்களாகவே ‘சம்மதம்’ என்று குறியிட்டு வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் விட்டால் கேட்காத இரண்டு மென்பொருள்கள் கூடவே உள்ளே வந்துவிடும். அப்படி வந்ததுதான் என் உலாவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, எதைத் தேடினாலும் விளம்பரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

வைரஸ் தடுப்பை ஓடவிட்டேன். அதைப் பிடித்துக் கொடுத்தது. நீக்கினேன். உலாவியில் நான் சேர்க்காமலே ஒட்டிக்கொண்டிருந்த நீட்சி மென்பொருள்களையும் தூக்கினேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினேன். சனியன் விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டே நாளில் அண்ணன் மாடிப்படியில் நின்றுகொண்டு, “திண்டிவனத்துல உன் சிநேகிதிக்கு ஏதோ எழுதினியாமே, இங்க இருக்கவே புடிக்கலன்னு. இன்னா கொற வெச்சோம் ஒனக்கு?” என்றான்.

“ஒனக்கு யாரு சொன்னாங்க?”

“ஊருல பேசிக்கிறாங்க.”

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவே இல்லை. பாதி எழுதி அப்படியே விட்டிருந்தேன். அனுப்பாத கடிதத்தை ஊர் எப்படிப் பேசும்? போகிறதை யாரும் வழியில் பிடிக்கவில்லை, நான் விரலால் தட்டும்போதே யாரோ படிக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணினியை என்னைத் தவிர தொட்டவர் ஒரே ஒருவர்தான். மழைக்காலத்தில், “ரொம்ப ஸ்லோவா இருக்குதுன்னியே, குடு, எனக்குத் தெரிஞ்ச பையன்கிட்ட குடுத்து புது விண்டோஸ் போட்டுத் தரேன்” என்று அண்ணன்தான் அதை வாங்கிப்போனான். கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டான். திரும்பி வந்தபோது மேலுறை துடைத்துப் பளபளவென்று இருந்தது. நான் அவனுக்கு நன்றி சொன்னேன்.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு பொய்யைத் தட்டினேன். சிநேகிதிக்கு எழுதுவதுபோல, ‘வியாழக்கிழமை காலையில் சீயமங்கலம் குகைக் கோயிலுக்குப் போகிறேன், அவர் அங்கே வருவார், பேசி முடிவெடுத்துவிடுவோம்’ என்று எழுதினேன். அந்த ‘அவர்’ என்று ஒருவர் இந்த உலகத்திலேயே கிடையாது. எழுதி, அனுப்பாமல், மூடி வைத்தேன்.

வியாழன் அன்று நான் வீட்டைவிட்டு நகரவில்லை. அண்ணன் கடையைத் திறக்கக்கூட இல்லை. சரக்கு எடுக்க விழுப்புரம் போவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மத்தியானத்துக்குமேல் திரும்பி வந்தான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“நீ எங்கியும் போவலியா?”

“எங்க போவணும்?”

அவன் செம்பில் தண்ணீர் எடுத்து அண்ணாந்து குடித்தான். பாறை மேல் காலையெல்லாம் உட்கார்ந்து, இல்லாத ஒருத்தனுக்காகக் காத்திருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரிவாள்மணையை விட்டு எழுந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாததால், எழாமல் காய் முழுவதையும் நறுக்கி முடித்தேன்.

மறுநாள் திண்டிவனம் பஸ் ஏறினேன். நான் கடிதம் எழுதிய அந்தச் சிநேகிதி என்னோடு கல்லூரியில் படித்தவள், அங்கே ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறாள். வீட்டுக்குள் இருந்து அவளோடு பேசவே எனக்குப் பயம். அவள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அது ஸ்பைவேருடி. விளம்பரம் காட்டுதே, அந்த மாதிரி இல்ல. இது ஆளு பாத்து வெக்கிறது. நீ இன்னா தட்டுனாலும் எழுதி வெச்சுக்கும், ஸ்கிரீனைப் படம் புடிக்கும், வெச்சவனுக்கு அனுப்பிக்கினே இருக்கும். சில பேரு புள்ளைங்களைப் பாத்துக்கன்னு சொல்லி விக்கிறான். வாங்கறவன் பொண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் வெக்கிறான்.”

“பாஸ்வேர்டு மாத்துனனே?”

“அந்தக் கம்ப்யூட்டர்லயே மாத்துன. புது பாஸ்வேர்டையும் அது பாத்துக்கினுதான இருந்தது.”

எவ்வளவு எளிய விஷயம். புதுச் சாவி செய்து திருடன் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

முதலில் என் ஃபோனை வாங்கினாள். எனக்குத் தெரியாத செயலி இருக்கிறதா, திரையைப் படிக்கவும் மைக்கைக் கேட்கவும் எதற்கெல்லாம் அனுமதி போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பிறகு அவளுடைய மடிக்கணினியில் உட்காரவைத்து என் மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்றவைத்தாள். மற்ற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் என் கணக்கை வெளியேற்றினாள். இனிமேல் யார் நுழைந்தாலும் என் ஃபோனுக்கு ஓர் எண் வந்து, அதையும் கொடுத்தால்தான் திறக்கும்படி செய்தாள். புதிய கடவுச்சொல்லை உன் கணினியில் ஒருமுறைகூடத் தட்டாதே என்றாள். அவளுடைய மடிக்கணினியின் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“எதுக்குடி பொட்டு?”

“ஒனக்கும் ஒண்ணு ஒட்டறேன் இரு” என்றவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு அப்போது ஒரு சின்ன வெளிச்சம் ஞாபகம் வந்தது. என் மடிக்கணினியில் கேமராவுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு புள்ளி மின்னி அணையும். கரண்ட் ஏறி இறங்குவதால் என்று நினைத்திருந்தேன்.

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதற்கு வேண்டியதை அவளுடைய கணினியிலேயே ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். நான் கோபத்தில் இன்றைக்கே போய் அழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். “மொதல்ல அது இருக்கறத ஃபோன்ல படம் எடு. அழிச்சுட்டா, நான் வெக்கவே இல்லன்னுவான். வீட்ல ஆளுங்க இல்லாதப்போ செய். நெட்டைக் கட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும், இல்லன்னா நீ தேடறதையும் அவன் பாப்பான்.”

அமாவாசைவரை பொறுத்தேன். பொறுத்தேன் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். அந்த நாட்களில் அவன் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டே அதன்முன் உட்கார்ந்து, அவன் சந்தேகப்படாதபடி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் விரல் கூசியது.

மாதாமாதம் அமாவாசைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். இரவு அம்மனின் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடியற்காலையில்தான் திரும்புவார்கள். எனக்குத் தலைவலி என்றேன். மத்தியானம் அவர்கள் சிறப்புப் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் வாசற்கதவைத் தாழிட்டு, வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப்போட்டு, மாடிக்கு ஏறினேன்.

நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் அது இல்லை. ஒளிந்து இருக்கும் என்று அவள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அப்போது ஓடிக்கொண்டிருப்பவை எவையென்று காட்டும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரைக்கு உதவுவதுபோல ஒரு சாதுவான பெயர். யார் தயாரித்தது என்ற இடம் காலியாக இருந்தது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மறைத்துவைத்த ஒரு கோப்புறைக்குக் கொண்டுபோய் விட்டது. அடுத்து வைரஸ் தடுப்பின் அமைப்புகளுக்குப் போனேன். ‘இங்கே பார்க்க வேண்டாம்’ என்று விலக்கிவைக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. அங்கே அதே கோப்புறையின் பெயர் இருந்தது. காவல்காரனிடமே சொல்லிவைத்து உள்ளே நுழைந்திருக்கிறது. அதனால்தான் நான் சோதித்தபோது விளம்பரக் குப்பை மட்டும் சிக்கி, இது சிக்கவில்லை.

கோப்புறைக்குள் படங்கள் இருந்தன. எங்கள் தெருவில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும். அந்த நேரங்களில் எடுத்ததை, இணைப்பு வந்ததும் அனுப்புவதற்காக அது சேர்த்துவைத்திருந்தது; அனுப்பியபிறகும் அழிக்கவில்லை. என் திரையின் படங்கள். மருத்துவருக்கு எழுதியது. விடுதிகளின் படங்கள். அவற்றோடு கேமரா எடுத்தவை. தலைக்குக் குளித்துவிட்டு நைட்டியோடு உட்கார்ந்து முடியை உலர்த்துகிறேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கி வழிகிறேன். ஒரு படத்தில் அழுகிறேன். எதற்காக அழுதேன் என்று ஞாபகம் இல்லை. மூக்கு சிவந்து, கோணிக்கொண்டு, ஒரு மனுஷி தான் தனியாக இருக்கிறோம் என்று நம்பி அழுகிற முகம் அது. அதை என் கூடப்பிறந்தவன் கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்திருக்கிறான். அண்ணியிடமும் காட்டியிருக்கிறான்.

அவசரத்தில் என் ஃபோனில் எடுத்த முதல் சில படங்கள் கலங்கிவிட்டன. சுவரில் சாய்ந்து நின்று திரும்ப எடுத்தேன். கோப்புறை, அதன் பெயர், உள்ளே இருந்த படங்கள், விலக்குப் பட்டியல், தேதிகள் எல்லாம் எடுத்தேன். பிறகு என் ஆவணங்களை மட்டும் வேறொரு டிரைவில் நகலெடுத்தேன். மென்பொருள் எதையும் எடுக்காதே, அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் நீக்கினாலே போதாதா என்று கேட்டிருந்தேன். நீக்கலாம், ஆனால் வைத்தவன் இன்னொன்றை எங்கே செருகியிருக்கிறான் என்று உனக்குத் தெரியாதே, அடியோடு அழித்துப் புதிதாகப் போடுவதுதான் நம்பகம் என்றாள். பென் டிரைவைச் செருகிக் கணினியைத் திரும்பக் கிளப்பினேன். வட்டின் பகுதிகள் ஒவ்வொன்றையும் அழித்தேன். அழிக்கவா என்று கேட்டபோதெல்லாம் ஆம் என்று அழுத்துவதில் எனக்கு இருந்த வெறியைச் சொல்லி மாளாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புதிய விண்டோஸ் எழுந்து நின்றது. என் ஃபோனின் இணையத்தில் இணைத்து, புதுப்பிப்புகளைப் போட்டு, நகலெடுத்த ஆவணங்களைச் சோதித்துவிட்டு உள்ளே விட்டேன். அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, மென்பொருள் நிறுவுவதற்குத் தனியாக ஒரு கணக்கு என்று பிரித்து, இரண்டுக்கும் புதுக் கடவுச்சொல் வைத்தேன். ஸ்டிக்கர் பொட்டையும் ஒட்டினேன்.

விடியற்காலையில் வந்தார்கள். அண்ணன் நெற்றி நிறையக் குங்குமம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டான். “இன்னா, நேத்து மத்தியானத்துலேர்ந்து நெட்டு வரலியா?”

அம்மன் சன்னதிக் கூட்டத்தில் நின்றுகொண்டும் ஃபோனைத் திறந்து என்னைப் பார்த்திருக்கிறான்.

“ஒனக்கு எப்படித் தெரியும், வரலன்னு?”

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி பிரசாதப் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் என் ஃபோனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். நைட்டியோடு நான் உட்கார்ந்திருந்த படம்.

“இது இன்னா?”

“ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஒரு தடவ ஏமாந்து வந்துட்ட. மறுபடியும் எவன்கிட்டயாவது மாட்டிக்கினா யாருக்கு அசிங்கம்?”

“வேலை குடுத்தவருகிட்ட நீ பேசினது யாரு நல்லதுக்கு?”

“எனக்கு இன்னா தெரியும், அவன் எப்படிப்பட்டவன்னு?”

“சீயமங்கலத்துல வந்தானே, அவன் எப்படிப்பட்டவன்?”

அவன் முகம் செத்துப்போயிற்று. நைனா கதவுப்பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணன்தானம்மா, வேத்து ஆளா? காலங்காத்தால சத்தம் போடாத, தெருவுல கேக்கும்” என்றார். தெருவில் கேட்கட்டும் என்றேன். என் உடம்பை, என் வியாதியை, என் அழுகையைப் பார்த்தவன் வேற்று ஆளாக இருந்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன், அண்ணன் என்பதால்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இன்னொருமுறை என் பொருளைத் தொட்டால் இந்தப் படங்கள் நேராக அங்கேதான் போகும் என்றும் சொன்னேன். அவன் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். “அழிச்சுட்டியா எல்லாத்தையும்?” தப்பு செய்துவிட்டேன் என்ற வார்த்தை அவன் வாயில் அன்றும் வரவில்லை, அதன்பிறகும் வரவில்லை.

புதுச்சேரிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார், வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அந்த வேலை போனது போனதுதான். அந்த மாதமே திண்டிவனத்தில் என் சிநேகிதி வீட்டு மேல்போர்ஷனுக்கு வந்துவிட்டேன். தட்டச்சும் பிழை திருத்தமும் இங்கேயும் கிடைக்கின்றன.

புகார் கொடு என்று சிநேகிதி இன்றும் சொல்கிறாள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. கொடுக்க மாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு நான் தலைக்கனம் பிடித்தவள். வல்லத்தில் ஒரு வளைகாப்பில், “அண்ணன் ஆசையா பாத்துக்கினதுக்கு இந்த ஆட்டமா” என்று ஒரு அத்தை கேட்டாள். உன் குளியலறையில் ஒருத்தன் ஆசையாகப் பார்த்தால் பேசாமல் இருப்பாயா என்று கேட்டேன். பந்தியில் எனக்கு இருபக்கமும் யாரும் உட்காரவில்லை.

சில மாதம் கழித்து நைனா தனியாகப் பஸ் ஏறி வந்தார். காபி குடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். என் மேஜைப் பக்கம் போகாமல் தள்ளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்தப் படத்துல… நானும் இருந்தேனாம்மா?”

இருந்தார். என்னிடம் மாத்திரை கேட்க மாடிக்கு வந்து, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்ற படம் ஒன்று இருந்தது. ஆமாம் என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். “அவன் அதெல்லாமா பாத்தான்?” என்றார். குரல் உடைந்திருந்தது.

அவன் என்னைப் பார்த்ததற்கு வராத அந்தக் குரல், தன்னையும் பார்த்தான் என்று தெரிந்தபோதுதான் வந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்கலாம். வந்தது கோபம்தான். அதை அவரிடம் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பஸ் நிலையம்வரை கூடப் போய், செஞ்சி வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்தேன். வண்டி கிளம்பும்போது, “அவன்கிட்ட நான் கேக்கறேம்மா” என்றார்.

கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.